வைஃபை ப்ரோப் கோரிக்கைகளை வைத்து ஒரு கலை நிறுவல்: எண்ணிக்கை தப்பு, பலகை நின்றுபோகிறது, ஹேஷ் போதுமா?

நிழல்வலை (கேள்வி)

வணக்கம். கூடத்துக்குள் வருகிறவர்களின் போன்கள் தம்மையறியாமல் காற்றில் விடும் வைஃபை சமிக்ஞைகளைச் சுவரில் காட்டும் ஒரு நிறுவல் தயாராகிக்கொண்டிருக்கிறது. காட்சி ஆறு வாரம். கூடம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். கூரையில் மூன்று ஈஎஸ்பி32 பலகைகள் (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லுப் பலகைகள்) ப்ராமிஸ்குவஸ் மோடில், அதாவது காற்றில் வரும் எல்லாவற்றையும் கேட்கும் நிலையில், ப்ரோப் கோரிக்கைகளை (போன் அருகிலுள்ள நெட்வொர்க்குகளைத் தேடி அனுப்பும் சமிக்ஞைகளை) கேட்டு, அதே வைஃபை வழியாக எம்க்யூடிடி-யில் (கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) ஒரு ராஸ்பெரி பை 4 குட்டிக் கணினிக்கு அனுப்புகின்றன. பை-யில் குரோமியம் உலாவி, பி5 ஜேஎஸ் (உலாவியில் வரைவதற்கான நிரல் நூலகம்), ஒரு ப்ரொஜெக்டர். ஒவ்வொரு போனும் ஒரு புள்ளி. அது தேடும் நெட்வொர்க்கின் பெயர் புள்ளியைச் சுற்றி மிதக்க வேண்டும் என்பது திட்டம்.

சிக்கல்கள் நான்கு:

கூடத்தில் 40 பேர் இருந்தால் திரையில் 300-க்கும் மேல் புள்ளிகள் வருகின்றன. நெட்வொர்க் பெயர்களோ அரிதாகவே கிடைக்கின்றன.

பலகைகள் சில மணி நேரத்தில் இயங்காமல் நின்றுபோகின்றன, அல்லது தாமாக ரீஸ்டார்ட் ஆகின்றன. சேனல் மாற்றும் கணத்தில் எம்க்யூடிடி இணைப்பும் அறுகிறது.

மேக் முகவரியை (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை) எஸ்ஹெச்ஏ-256 ஹேஷாக, அதாவது நேராகத் திருப்ப முடியாத ஒரு சுருக்கக் குறியீடாக மாற்றி ஆறு வாரமும் சேமிக்க எண்ணம், திரும்பி வருகிறவர்களை அடையாளம் காண்பதற்காக. பெயர் தெரியாதபடி செய்ய இது போதுமா?

எதிர்ச்சுவரில், விருப்பப்பட்டுத் தந்த சிலரின் இன்ஸ்டாகிராம் உரையாடல்கள் ஓட வேண்டும். அவர்கள் பதிவிறக்கித் தந்த ஜேசான் (தரவை உரையாக எழுதும் வடிவம்) கோப்பில் தமிழ் முழுக்கக் குப்பையாக வருகிறது. சரிசெய்த பிறகும் திரையில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.

---

அலைவாங்கி

எண்ணிக்கை ஏறுவது உங்கள் நிரலின் குற்றமல்ல. 2014-ல் வந்த ஐஓஎஸ் 8 தொடங்கி, போன்கள் நெட்வொர்க் தேடும்போது தற்காலிக மேக் முகவரிகளைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டும் பின்னால் அதே வழிக்கு வந்தது. ஒரே போன் ஒவ்வொரு தேடலுக்கும் புது முகவரியோடு வரலாம். எனவே நீங்கள் எண்ணுவது போன்களை அல்ல, தேடல்களை. சோதித்துப் பார்க்க எளிய வழி: முகவரியின் முதல் பைட்டில் கடைசிக்கு முந்தைய பிட் 1 ஆக இருந்தால் அது கருவி தானே உண்டாக்கிக்கொண்ட முகவரி. உங்கள் பதிவில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும்.

பெயர்கள் கிடைக்காததற்கும் இதே போக்குதான் காரணம். இப்போதைய போன்கள் பெயர்ப் பகுதியைக் காலியாக விட்டு, "யார் இருக்கிறீர்கள்?" என்று பொதுவாகத்தான் கேட்கின்றன. பெயரைச் சொல்லித் தேடுவது பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்ட நெட்வொர்க்குகளுக்கும் மிகப் பழைய கருவிகளுக்கும் மட்டுமே. ஆக, பெயர் மிதக்கும் புள்ளி என்ற யோசனை பத்தாண்டுக்கு முன்பு வேலை செய்திருக்கும். இன்று அது பழைய போன் வைத்திருப்பவரை மட்டும் பொறுக்கியெடுத்து அம்பலப்படுத்தும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வீட்டு நெட்வொர்க்கின் பெயர் தனித்துவமானதாக இருந்தால், விகிள் போன்ற பொதுத் தரவுத்தளத்தில் தேடி அது எந்தத் தெருவில் இருக்கிறது என்றே கண்டுபிடித்துவிடலாம்.

கோரிக்கையில் உள்ள மற்ற விவரங்களை, அதாவது ஆதரிக்கும் வேகங்கள், விற்பனையாளர் குறிப்புகள், அவை வரும் வரிசை ஆகியவற்றைச் சேர்த்துக் கைரேகைபோல ஆக்கி, முகவரி மாறினாலும் அதே போன்தான் என்று ஊகிக்கும் உத்திகள் இருக்கின்றன. உரிமையாளர் தப்பிக்கத் தந்த வசதியை உடைப்பதுதான் அந்த வேலை. படைப்பின் நோக்கம் இந்தக் கண்காணிப்பைக் காட்டுவது என்றால், அதே கண்காணிப்பை இன்னும் கூர்மையாகச் செய்து காட்ட வேண்டியதில்லை.

அதற்குப் பதில் அடர்த்தியைக் காட்டுங்கள். ஒவ்வொரு சென்சாரும், அதாவது கூரைப் பலகையும், ஒரு விநாடிக்கு எத்தனை கோரிக்கை கேட்டது என்ற எண் மட்டும் போதும். அதை 60 முதல் 120 விநாடி நகரும் சராசரியாக எடுங்கள். திரை அணைந்த போன் பல நிமிடம் பேசாமல் கிடக்கும்; திரையைத் தொட்டதும் சில விநாடிக்குள் சரமாரியாக அனுப்பும். சராசரி எடுக்காவிட்டால் சுவர் வெறுமனே பளிச்சிட்டுக்கொண்டிருக்கும்.

இடத்தைப் பற்றியும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மனித உடல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். போன் கையில் இருப்பதற்கும் பையில் இருப்பதற்கும் 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணமாக வரும். மூன்று சென்சாரை வைத்து இந்த அளவு கூடத்தில் "வாசல் பக்கம், நடு, உள்பக்கம்" என்று மூன்று மண்டலம் பிரிக்கலாம், அவ்வளவுதான். அதற்கும் மூன்று பலகைகளும் ஒரே சேனலில் கேட்க வேண்டும். ஆளுக்கொரு சேனலாக 1, 6, 11 என்று நிறுத்தினால் அதிகக் கோரிக்கைகள் பிடிபடும், ஆனால் ஒரே பொட்டலத்தின் (ஒருமுறை அனுப்பப்படும் தரவுத் துண்டின்) சமிக்ஞை வலிமையை மூன்று இடத்தில் ஒப்பிட முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். அடர்த்திதான் வேண்டும் என்றால் இரண்டாவது வழியே மேல், சேனல் மாற்றும் தொல்லையும் ஒழியும். வழக்கமான ஈஎஸ்பி32-க்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் கேட்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பலகை நின்றுபோவதற்கு வருவோம். ப்ராமிஸ்குவஸ் கால்பேக் (ஒவ்வொரு பொட்டலமும் வந்ததும் தானாக அழைக்கப்படும் உங்கள் நிரல் பகுதி) வைஃபை டிரைவரின் டாஸ்குக்குள்ளேயே ஓடுகிறது. அதற்குள் சீரியலில் அச்சிடுவது, சரங்களை ஒட்டுவது, எம்க்யூடிடி அனுப்புவது என்று எதைச் செய்தாலும் டிரைவர் காத்துக் கிடக்கும், வாட்ச்டாக் (நிரல் சிக்கி நின்றதைக் கவனிக்கும் காவல் கடிகாரம்) பலகையை ரீஸ்டார்ட் செய்யும். கால்பேக்கில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சப்டைப் 4 (ப்ரோப் கோரிக்கை) தானா என்று பார்த்து, வலிமையைப் படித்து, ஒரு ஃப்ரீஆர்டிஓஎஸ் (பலகையின் இயங்குதளம்) க்யூவில், அதாவது வரிசையில், காத்திருப்பு நேரம் பூஜ்யமாக வைத்துப் போட்டுவிட்டுத் திரும்புவது. க்யூ நிறைந்திருந்தால் பொட்டலம் போகட்டும்.

எம்க்யூடிடி அறுவது வேறு காரணம். பலகையில் ரேடியோ ஒன்றே ஒன்று. ரௌட்டரோடு இணைந்திருக்கும்போது அது ரௌட்டரின் சேனலில் இருந்தாக வேண்டும். நீங்கள் சேனலை மாற்றினால் இணைப்பு போகத்தான் செய்யும். கேட்பதற்கு வைஃபை, அனுப்புவதற்குக் கம்பி என்று பிரித்துவிடுங்கள். யூஎஸ்பி சீரியலில் 115200 பாட் வேகம் விநாடிக்குச் சுமார் 11,500 பைட் தரும், விநாடிக்கு ஒரு எண் அனுப்ப அது மிக மிக அதிகம். தூரம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் ஈதர்நெட் பொருத்திய ஈஎஸ்பி32 பலகையாக வாங்குவது நல்லது.

மின்சாரத்தையும் பாருங்கள். ரேடியோ கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியர் வரை துள்ளும். மெல்லிய நீள யூஎஸ்பி கம்பியில் அந்தக் கணம் மின்னழுத்தம் சரிந்து, பிரௌன்அவுட் (மின்னழுத்தச் சரிவு) பாதுகாப்பு பலகையை ரீஸ்டார்ட் செய்துவிடும். சீரியலில் "பிரௌன்அவுட்" என்று வந்தால் இதுதான். தடித்த குட்டைக் கம்பி, பலகையின் 5 வோல்ட் முனையருகே 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், இரண்டும் சேர்ந்தால் சரியாகும்.

---

தாழ்ப்பாள்

ஹேஷ் போதாது, அறவே போதாது. மேக் முகவரி 48 பிட். அதில் முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் குறிப்பது, அந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. மிச்சம் 24 பிட், அதாவது ஒரு தயாரிப்பாளர் முன்னொட்டுக்கு 1,67,77,216 வாய்ப்புகள். சாதாரண மடிக்கணினியே அத்தனைக்கும் எஸ்ஹெச்ஏ-256 கணக்கிட்டு, உங்கள் பட்டியலோடு சில விநாடிகளில் ஒப்பிட்டுவிடும். கோப்பு வெளியே போனால் முகவரிகள் போனதாகவே அர்த்தம். நிரலுக்குள் எழுதி வைத்த நிலையான சால்ட் (ஹேஷ் போடும் முன் சேர்க்கும் கூடுதல் எழுத்துகள்) இதை மாற்றாது, நிரலும் பை-யின் அதே எஸ்டி கார்டில்தானே இருக்கிறது.

அடையாளம் கட்டாயம் வேண்டும் என்றால்: பலகை கிளம்பும்போது 32 பைட் ரகசியச் சாவி ஒன்றை அதன் ஹார்ட்வேர் ராண்டத்தில் உண்டாக்குங்கள் (ரேடியோ இயங்கத் தொடங்கிய பிறகு எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் அந்த எண்ணின் தரம் உறுதியில்லை). எச்மேக் எஸ்ஹெச்ஏ-256 (ரகசியச் சாவி சேர்த்துப் போடும் ஹேஷ்) போட்டு 4 பைட்டாக வெட்டுங்கள். சாவியை 15 நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கியெறிந்து புதிதாக்குங்கள். எல்லாம் பலகையின் ரேமுக்குள்ளேயே நடக்க வேண்டும், மூல முகவரி கம்பியில் இறங்கவே கூடாது.

ஆனால் அலைவாங்கி சொன்ன அடர்த்தி வழியில் போனால் இதுவும் தேவைப்படாது. திரும்பி வருகிறவரை அடையாளம் காணும் ஆசையைக் கைவிட்டாலே பாதி ஆபத்து போய்விடும். முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் அது எப்படியும் நடக்காது. நடப்பது பழைய போன்காரர்களுக்கு மட்டும்தான்.

பலரும் கோட்டைவிடும் இடங்கள் சில. சோதனைக் காலத்தில் டிசிபிடம்ப் (நெட்வொர்க் பொட்டலங்களைப் பதிவுசெய்யும் கருவி) பிடித்த கோப்புகள் பை-யிலேயே கிடக்கும், அழியுங்கள். பை-யில் ஸ்வாப்பை (ரேம் போதாதபோது கார்டில் எழுதும் இடத்தை) அணையுங்கள், ஜர்னலை (கணினியின் பதிவேட்டை) ரேமில் மட்டும் எழுத வையுங்கள். இல்லாவிட்டால் திரைக்காக மட்டும் என்று நினைத்தவை பதிவேட்டில் தங்கிவிடும்.

அடுத்து சுவர். ரேடியோ அலை உங்கள் கூடத்தோடு நிற்காது. வெளியே நடந்துபோகிறவரின் போனும் கேட்கும், அவர் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்திருக்க மாட்டார். மைனஸ் 65 டிபிஎம்-க்கு (சமிக்ஞை வலிமையின் அலகு) கீழே உள்ள எதையும் கால்பேக்கிலேயே விடுங்கள். பிறகு கூடத்தைக் காலி செய்து, ஒருவரை வெளிச்சுவரை ஒட்டி வைஃபை அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்தபடி நடக்கச் சொல்லி அந்த எண்ணைச் சரிபாருங்கள். 2013-ல் லண்டன் நகர மையத்தில், குப்பைத்தொட்டிகளில் பொருத்திய கருவிகள் தெருவில் போகிறவர்களின் போன் முகவரிகளைச் சேகரித்தது தெரியவந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. கலைப்படைப்பு என்ற பெயர் இதிலிருந்து விலக்குத் தராது.

இன்னொரு வழி இருக்கிறது, என் பார்வையில் இதுதான் நேர்மையானது: படைப்புக்கென்று ஒரு வைஃபை வைத்து, விரும்புகிறவர் தாமாக இணையட்டும். இணைந்த நெட்வொர்க்கில் போன்கள் பொதுவாக ஒரே தற்காலிக முகவரியைத் தக்கவைத்துக்கொள்ளும் (ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் இயல்பாகவே நெட்வொர்க்குக்கு ஒன்று). எண்ணிக்கையும் சரியாக வரும், ஒப்புதலும் இருக்கும்.

இதில் எதிர்பாராத பொறி ஒன்று: ஐபி முகவரி கேட்கும்போதே பல கருவிகள் தம் பெயரையும் அனுப்புகின்றன. அதில் உரிமையாளரின் பெயரே இருப்பது வழக்கம். ஐபி முகவரி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரல் அதை லீஸ் கோப்பிலும் (யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியல்) பதிவேட்டிலும் எழுதி வைக்கும். டிஹெச்சிபி-இக்னோர்-நேம்ஸ், கொய்ட்-டிஹெச்சிபி என்ற இரண்டு அமைப்பையும் போட்டு, லீஸ் கோப்பை ரேமில் மட்டும் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ்-க்கு மாற்றுங்கள். லீஸ் காலம் 10 நிமிடம் போதும். வைஃபையை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி நிரலில் ஏபி-ஐசொலேட் 1 என்று வைத்தால் ஒரு போன் இன்னொன்றைப் பார்க்க முடியாது. பை-யின் உள்ளமைந்த வைஃபை சில்லு கூட்டத்துக்கானதல்ல, தனி அணுகல் கருவி வையுங்கள்.

இணையம் இல்லாத வைஃபை என்று தெரிந்ததும் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். கேப்டிவ் போர்ட்டல் பக்கம் (வைஃபையில் இணைந்ததும் வரும் வரவேற்புப் பக்கம்) தானாகத் திறக்கும்படி வைத்து, அதில் ஒரு வாக்கியம், ஒரு பொத்தான் மட்டும் போடுங்கள். அந்தக் குட்டி உலாவியில் வெப்சாக்கெட்டையோ (சர்வரோடு தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு) நீண்ட நேர இயக்கத்தையோ நம்ப முடியாது.

---

கயிற்றாட்டம்

தொழில்நுட்பம் பேசியாகிவிட்டது, வடிவம் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கொரு புள்ளி என்பது இந்த வகைப் படைப்புகளில் மிகவும் தேய்ந்துபோன வடிவம். பார்வையாளர் "என் புள்ளி எது?" என்று தேடிவிட்டுப் போய்விடுவார்.

1995-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் கலைஞர் நடாலி ஜெரெமிஜென்கோ செய்தது: கூரையில் சிறு மோட்டார், அதிலிருந்து 8 அடி பிளாஸ்டிக் கயிறு, மோட்டார் ஈதர்நெட் கம்பியோடு இணைப்பு. போக்குவரத்து கூடினால் கயிறு சுழன்று அடிக்கும், குறைந்தால் லேசாகத் துடிக்கும். யாருடைய தரவும் அதில் இல்லை, ஆனால் நெட்வொர்க் உடம்பில் உறைக்கிறது. கலைஞர் ஹான்ஸ் ஹாக்கெ 1970-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்த வாக்கெடுப்பில் ஆளுநர் ராக்ஃபெல்லர் பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு ஒளிபுகும் பெட்டிகள், பார்வையாளர் கையால் போடும் சீட்டு. தரவு தருகிற செயலே படைப்பாக நிற்கிறது. தாழ்ப்பாள் சொல்லும் ஒப்புதல் வழி இந்த மரபில்தான் வருகிறது, பொத்தானை அழுத்தும் கணத்துக்கே சுவரில் இடம் கொடுங்கள்.

ப்ரொஜெக்டருக்குப் பதிலாகவோ கூடவோ கயிறு முயன்றால்: 6 வோல்ட் டிசி மோட்டார், லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (பலகையின் சிறு மின்னழுத்தத்தாலேயே இயங்கும் மின்னணுச் சுவிட்ச்), மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே எதிர்த்திசை டயோடு. டயோடு இல்லாவிட்டால் அணையும்போது எழும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொல்லும். மோட்டாருக்குத் தனி மின்வழங்கி, தரை (கிரவுண்ட்) இணைப்பு மட்டும் பொது. பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்த மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் முறை) அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸ், அதற்குக் கீழே போனால் மோட்டார் ரீங்காரம் கூடம் முழுக்கக் கேட்கும்.

கோரிக்கை எண்ணிக்கையை நேர்விகிதத்தில் வேகமாக்காதீர்கள். விநாடிக்கு 5-ம் வரும், 500-ம் வரும். நேர்விகிதத்தில் காலை முழுக்க அசையாது, கூட்டம் வந்ததும் உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். மடக்கை (லாகரிதம்) அளவில் மாற்றுங்கள். நிலை உராய்வால் மோட்டார் சிறிய மதிப்புக்கு அசையவே செய்யாது. 50 மில்லி விநாடி முழு உந்துதல் கொடுத்துவிட்டுப் பிறகு உரிய வேகத்துக்கு இறக்குங்கள், அந்தத் துடிப்புதான் கயிற்றுக்கு உயிர் தருகிறது.

---

எழுத்துருவன்

தமிழ்ச் சிக்கலுக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் ஜேசான் பதிவிறக்கத்தில் யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) பைட் ஒவ்வொன்றும் தனி எழுத்தாக எஸ்கேப் செய்யப்பட்டிருக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், எனவே ஒரு எழுத்துக்கு மூன்று குப்பை. முதலில் ஜேசானைப் பாகுபடுத்துங்கள். பிறகு ஒவ்வொரு எழுத்துச் சரத்தையும் லத்தீன்-1 (ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய முறை) ஆக என்கோட் செய்து, யூடிஎஃப்-8 ஆக டிகோட் செய்யுங்கள். பைத்தானில் ஒரே வரி. பாகுபடுத்தும் முன் கோப்பின் மேல் நேரடியாகச் செய்தால் வேலை செய்யாது. பெயர்கள், எதிர்வினை எமோஜிகள் உட்பட எல்லாச் சரத்துக்கும் சுழன்று செய்ய வேண்டும். ஏற்கெனவே சரியாக உள்ள தமிழை லத்தீன்-1 ஆக்க முயன்றால் பிழை எழும், அந்தப் பிழை வந்தால் சரத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து என்எஃப்சி சீராக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் முறை. "கொ" என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் வரலாம். பார்க்க ஒன்று, சொல் எண்ணும்போது வேறு வேறு. ஔ-வுக்குப் பதில் ஒ-வையும் ள-வையும் சேர்த்து அடித்திருந்தால் மட்டும் என்எஃப்சி காப்பாற்றாது, கையால் மாற்ற வேண்டும்.

கொம்பு இடம் மாறுவதைப் பார்த்தால் நீங்கள் வெப்ஜிஎல் மோடில் (பி5-இன் முப்பரிமாண வரைகலை நிலை) எழுதுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பி5-இன் 1.x பதிப்புகளில் அந்த மோடு எழுத்துருவின் வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும், தமிழுக்கான மறுவரிசை நடக்காது. சாதாரண 2டி கிராஃபிக்ஸ் பஃபரில் எழுதி, அதை டெக்ஸ்ச்சராக (பரப்பின் மேல் ஒட்டும் படமாக) ஒட்டுங்கள். உலாவியே சரியாக வடிவமைத்துத் தரும். ப்ராசஸிங் வரைகலை மென்பொருளின் பி2டி, பி3டி நிலைகள் இரண்டிலும் இதே கதைதான்.

எழுத்தெழுத்தாகத் தோன்ற வைப்பதானால் குறியீட்டு வாரியாக வெட்டாதீர்கள், புள்ளி தனியே பிறகு வந்து ஒட்டும். உலாவியிலேயே உள்ள இன்டல்.செக்மென்டர் கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் அலகு) அளவில் பிரித்துத் தரும். அதிலும் க்ஷ, ஸ்ரீ இரண்டும் உடையும், அவற்றை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்தாலும் ஒன்று மிச்சம்: உரையாடலைத் தந்தவர் ஒப்புக்கொண்டார், மறுமுனையில் எழுதியவர் ஒப்புக்கொள்ளவில்லை. அனுப்புநர் பெயரைப் பார்த்து, தந்தவர் எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் பிறர் பெயர், எண், முகவரி இருக்கும். நிரல் வடிகட்டியது போதாது, காட்டப்போகும் ஒவ்வொரு வரியையும் தந்தவரே ஒருமுறை படித்து ஒப்ப வேண்டும். மறுமுனையின் இடத்தில் வெற்று இடைவெளி விட்டால், பதில் எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதுகூட நன்றாகத் தெரியும்.

---

நிழல்வலை

அனைவருக்கும் நன்றி. பெயர்களும் ஹேஷும் போகின்றன. வாசல் பக்கம் அடர்த்தியைக் காட்டும் கயிறு, உள்ளே தாமாக இணைகிறவர்களுக்கு மட்டும் சுவர் என்று மாற்றுகிறேன். சென்சார்கள் சீரியலில் பை-க்கு, பை-யிலிருந்து எம்க்யூடிடி-யில் கயிற்றுப் பலகைக்கு. ஒரு கேள்வி மிச்சம்: தினமும் இரவில் கூடத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், பை-யை முறையாக அணைக்க ஆளில்லை.

---

அலைவாங்கி

எஸ்டி கார்டு அப்படித்தான் கெடும். பை-யின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறைமையை (மாற்றங்களை ரேமில் மட்டும் வைக்கும் முறை) இயக்குங்கள், கார்டில் எதுவும் எழுதப்படாது. சேமிக்காமல் இருப்பது தனியுரிமைக்கும் நல்லது. இயக்கிய பிறகு செய்யும் மாற்றம் எதுவும் மறுநாள் இருக்காது, ஆகவே எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இயக்குங்கள்.

எம்க்யூடிடி செய்திகளை வாங்கிப் பகிரும் புரோக்கர் நிரலான மஸ்கிடோ 2.0 முதல், அமைப்புக் கோப்பில் லிசனர் வரி (எந்த வழியில் இணைப்பை ஏற்பது என்ற வரி) இல்லாவிட்டால் அதே கணினிக்குள் மட்டுமே பேசும். கயிற்றுப் பலகை இணைய மறுத்தால் முதலில் அதைப் பாருங்கள், பிறகு கடவுச்சொல் கோப்பை.

அடர்த்தி எண்ணை ரிடெய்ன் செய்யாதீர்கள், அதாவது கடைசிச் செய்தியைப் புரோக்கர் வைத்திருந்து புதிதாக இணைகிறவருக்குத் தரும்படி விடாதீர்கள். செய்தால், புரோக்கர் இயங்கிக்கொண்டிருக்கையில் கயிற்றுப் பலகை மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் பழைய எண் வந்து, ஆளில்லாத கூடத்தில் கயிறு ஆடும். எண்ணை அனுப்பும் நிரலுக்கு லாஸ்ட் வில் செய்தி (அதன் இணைப்பு அறுந்தால் புரோக்கர் அதன் சார்பில் அனுப்பும் அறிவிப்பு) கட்டாயம் வேண்டும்; ரிடெய்ன் அதற்கு மட்டும் இருக்கட்டும். சென்சார் செத்ததும் எண் வராமல் நிற்பதும், கூடம் காலியாக இருப்பதும் கயிற்றில் ஒன்றுபோலத் தெரியக் கூடாது. அதனால் மூன்று சென்சாரும் கோரிக்கை எதுவும் கேட்காவிட்டாலும் விநாடிக்கு ஒருமுறை பூஜ்யத்தை அனுப்பட்டும். 10 விநாடி எதுவும் வராவிட்டால் கயிறு முழுதாக நின்று, காவலரின் மேசையில் ஒரு சிவப்பு எல்ஈடி எரியட்டும்.